கடைசித் தேதிக்கு முன்னும் பின்னும்

தமிழ்நாட்டுக் கல்லூரி அலுவலகங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அடிக்கடி காதில் விழும் பதில் ஒன்று உண்டு: “டேட் முடிஞ்சிருச்சும்மா, போர்ட்டலை மூடிட்டாங்க.” கல்வி உதவித்தொகையைப் பற்றி விசாரிக்கப் போன மாணவிக்குச் சொல்லப்படுவது அது. பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அவள் வீட்டுக்குப் போவாள். “உனக்குப் பொறுப்பே இல்ல” என்று திட்டு விழும். அடுத்த தவணைக் கட்டணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்குவார். எந்தத் தேதி முடிந்தது, அதனால் எது கைவிட்டுப் போனது, எது இன்னும் போகவில்லை என்று உட்காரவைத்து விளக்க அந்த அலுவலகத்தில் பெரும்பாலும் யாருக்கும் நேரமில்லை. அந்த விளக்கத்தைக் கொஞ்சம் பொறுமையாக இங்கே செய்து பார்க்கலாம்.

முதலில், ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் ஒரு மாணவருக்கு வரக்கூடிய பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்காக 1944-இல், ஆங்கிலேயர் ஆட்சியிலேயே தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இவற்றில் பெரியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டாயக் கட்டணமும் அதற்கு மேல் ஒரு பராமரிப்புத் தொகையும் கிடைக்கும். தொழிற்படிப்பில் சேர்ந்து விடுதியில் தங்குபவருக்கு அந்தப் பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 13,500 ரூபாய், பி.ஏ., பி.எஸ்சி. படிக்க வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 3,000 ரூபாய். பழங்குடி மாணவர்களுக்கும் இதே போன்ற திட்டம் இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான உதவித்தொகைக்குத் துறை வேறு, விதி வேறு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை போக, தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளம் வழியே வரும் ஒன்றிய அரசின் திட்டங்கள் தனி. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கிடைக்கும் கட்டணச் சலுகைக்குத் தனி விண்ணப்பக் காலம் என்று எதுவும் கிடையாது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குப் பதியும்போதே சான்றிதழைக் காட்டியாக வேண்டும்.

ஆகவே “டேட் முடிஞ்சிருச்சு” என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது “எந்தத் திட்டத்துக்கு?” என்பதுதான். மாநிலத் திட்டத்துக்கு வாசல் மூடியிருக்கும்போது ஒன்றியத் திட்டத்துக்குத் திறந்திருக்கலாம். இரண்டுமே மூடியிருக்கும்போது கல்லூரி வழியாகப் போகும் புதுமைப்பெண் பட்டியல் இன்னும் அனுப்பப்படாமல் இருக்கலாம்.

அடுத்ததைத்தான் பலர் அறிவதில்லை. ஒரே திட்டத்துக்குள்ளும் தேதி ஒன்றல்ல. செய்தித்தாளில் கட்டம் கட்டி வரும் கடைசித் தேதி, நீண்ட வரிசையின் நடுவில் நிற்கும் ஒன்று. அதற்கு முன்பே சான்றிதழ் கைக்கு வந்திருக்க வேண்டும், வங்கிக் கணக்கு சரியாகியிருக்க வேண்டும். அதற்குப் பின்பு கல்லூரி சரிபார்க்க ஒரு தேதி, குறை இருந்தால் திருத்த ஒரு தேதி, மாவட்ட அல்லது மாநில அலுவலர் ஒப்புதல் தர ஒரு தேதி என்று போகிறது. உதவித்தொகையை இழந்த பிள்ளைகளின் கதையைக் கேட்டால், நடுவில் நிற்கும் அந்த அறிவிக்கப்பட்ட தேதியை மறந்துபோனதாகச் சொல்பவர்கள் குறைவு. முன்னால் ஏதோ ஒன்று நேரத்துக்கு முடியவில்லை, அல்லது பின்னால் நடந்தது எதுவும் தெரியவில்லை என்பதே பெரும்பாலான கதை.

முன்னால் நடப்பதைப் பார்ப்போம். பிளஸ் டூ முடிவு மே மாதத் தொடக்கத்தில் வருகிறது. அந்த வாரமே ஊரில் உள்ள எல்லா இ-சேவை மையங்களிலும் கூட்டம் நிரம்பும். சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது, ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படியல்ல, ஓராண்டுதான் செல்லும். பத்தாம் வகுப்பில் வாங்கிய வருமானச் சான்றிதழை நம்பி இருக்கும் வீடுகள் ஏராளம். புதிதாகக் கேட்டால் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறி வர வேண்டும். ஒரு மேசையில் திருப்பி அனுப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. அலுவலர்கள் மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு அந்த இரண்டு மாதங்களில் வந்து விழும் சுமை பெரிது. ஆனால் சுமை மே, ஜூனில்தான் வரும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த செய்தி. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் மார்ச், ஏப்ரலிலேயே சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்று பள்ளிகள் பெற்றோரிடம் சொன்னால் பாதி நெருக்கடி தீரும். பள்ளியின் வேலை மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதாகவும் கல்லூரியின் வேலை சேர்க்கையோடுதான் தொடங்குவதாகவும் இருக்கிற வரை, நடுவில் கிடக்கும் அந்த இரண்டு மாதத்துக்குப் பொறுப்பானவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்.

பெயர் பொருந்தாமல் போவது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான் என்று பார்த்தவுடன் புரியும். கணினிக்குப் புரியாது. ஆதாரில் உள்ளபடி பெயர் இல்லை என்று தேசிய இணையதளம் நிறுத்திவிட்டால், ஆதாரைத் திருத்துவதா, சான்றிதழைத் திருத்துவதா என்று குடும்பம் முதலில் குழம்பும், பிறகு அலையும். இதற்கு நாட்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பக் காலம் திறந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் முடிப்பது கடினம்.

பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். “ஆதாரை பேங்க்ல லிங்க் பண்ணியாச்சு சார்” என்று உறுதியாகச் சொல்வார்கள். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது அவர்களுக்கு நினைவிருக்கிறது. அது அடையாளத்துக்காகக் கொடுத்தது. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் வந்து சேர வேண்டுமானால், இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் வைத்திருக்கும் பட்டியலில் அந்த ஆதார் எண்ணுக்கு எதிரே ஒரு வங்கியின் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு அங்கே ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கியில் அந்த ஒப்புதலைக் கொடுத்தார்களோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு ஒன்று, கல்லூரி வளாகத்தில் திறந்தது ஒன்று, அஞ்சலகத்தில் ஒன்று என்று இருந்தால், பணம் எங்கே போகிறது என்பது பிள்ளைக்கே தெரியாது. இதை ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டிய நேரம் விண்ணப்பம் போடுவதற்கு முன்.

வயதும் இங்கே குறுக்கே நிற்கிறது. பள்ளிப் பருவத்தில் திறந்தது பெரும்பாலும் மைனர் கணக்கு. பதினெட்டு வயது நிரம்பியதும் புதிய கையொப்பமும் ஆவணமும் கொடுத்து அதைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். கல்லூரியின் முதலாண்டும் பதினெட்டு வயதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வருகின்றன. உதவித்தொகை வர வேண்டிய அதே ஆண்டில் கணக்கு முடங்குவது இப்படித்தான். இரண்டாண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்ற விதியையும் வங்கிகள் காட்டும். ஆனால் உதவித்தொகைக்காகவும் அரசுத் திட்டங்களுக்காகவும் திறந்த கணக்குகளுக்கு அந்த விதியைப் பொருத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லும் உரிமை மாணவருக்கு உண்டு.

ஆதாரோடு இணைந்த கைபேசி எண் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் அது அப்பாவின் எண். பிள்ளை கல்லூரிக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் பகல் வேளையில் அப்பா கட்டட வேலையிலோ லாரியிலோ இருப்பார். ஓ.டி.பி. வந்து காலாவதியாகிவிடும். சிலருக்கு அந்த எண்ணே ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ போயிருக்கும்.

இத்தனையும் முடிந்து விண்ணப்பமும் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மாணவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. நிர்வாகத்தைப் பொறுத்தவரை அப்போதுதான் தொடங்குகிறது. தேசிய இணையதளத்தில் விண்ணப்பம் முதலில் கல்லூரியின் பொறுப்பு அலுவலருக்குப் போகும். அவர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது அடுத்த படியான மாவட்ட அல்லது மாநில அலுவலருக்குத் தெரியும். குறை கண்டால் மாணவருக்கே திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பியது தெரிய வேண்டுமானால் மாணவர் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும், அல்லது குறுஞ்செய்தி வந்த எண் அவர் கையில் இருக்க வேண்டும். கல்லூரி சரிபார்ப்புக்கான கடைசி நாள் வழக்கமாக மாணவர் விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்குச் சில வாரங்கள் தள்ளி வரும். குறையைத் திருத்தவும் ஏறத்தாழ அதுவே எல்லை. கடைசி நாளன்று விண்ணப்பித்தவரின் விண்ணப்பத்தைக் கல்லூரி அந்த வாரங்களின் முடிவில் எடுத்துப் பார்த்துத் திருப்பினால், திருத்த மிஞ்சுவது ஓரிரண்டு நாள். அதில் ஒன்று ஞாயிறாகவும் இருக்கும்.

பொறுப்பு அலுவலர் என்பது பெரும்பாலும் முழுநேர வேலை அல்ல. வகுப்பும் தேர்வுப் பணியும் இருக்கிற ஓர் உதவிப் பேராசிரியருக்குக் கூடுதலாகக் கொடுத்த வேலை அது. அவர் மாற்றலாகிப் போய், புதியவருக்கு உள்நுழைவு வர இரண்டு வாரம் ஆனால், அந்த இரண்டு வாரமும் அத்தனை பிள்ளைகளின் விண்ணப்பங்களும் அசையாமல் கிடக்கும். மாநிலத் திட்டங்களில், கல்லூரி மாணவர்களின் விவரங்களை அரசு வைத்திருக்கும் யூமிஸ் தளத்தில் மாணவரின் விவரத்தைக் கல்லூரி முதலில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மாணவர் என்ன முயன்றும் பயனில்லை. கல்லூரி தவறவிட்ட தேதிக்கும் மாணவர் தவறவிட்ட தேதிக்கும் கணினித் திரையில் வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே விளைவுதான்: பணம் வராது. இந்த அநியாயத்தைத்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கல்லூரி நேரத்துக்குச் சரிபார்க்கவில்லை என்றால், அந்தத் தொகையை மாணவரிடம் கல்லூரி கட்டணமாகக் கேட்க முடியாது என்று ஒரு விதி இருந்தால் போதும். எத்தனை கல்லூரிகள் நேரத்துக்குச் சரிபார்க்கும் என்று பார்க்கலாம்.

இரண்டாமாண்டில் நடப்பது வேறு. முதலாண்டு பணம் வந்துவிட்டது, இனித் தானாக வரும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். வராது. தேசியத் திட்டங்களில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். முதலாண்டில் வழிகாட்டிய அக்காவோ ஆசிரியரோ இரண்டாமாண்டில் பக்கத்தில் இருப்பதில்லை.

ஒரு தேதி தவறினால் எவ்வளவு போகும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. அதையும் தெரிந்துகொண்டால்தான் எதற்கு முதலில் ஓட வேண்டும் என்று புரியும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் இந்த ஆண்டு விட்டால் இந்த ஆண்டுத் தொகை போகும். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகை அப்படியல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தில் முதல் இருபது சதவீதத்தினருக்குள் வந்தவர்கள், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இதற்குத் தகுதி பெறுவார்கள். இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் 20,000 ரூபாய். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள். இதில் புதிய விண்ணப்பம் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் மட்டும்தான். அந்த ஒரு காலம் தவறினால் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கான 36,000 ரூபாயும், தொடர்ந்து முதுநிலை படித்தால் அதற்கான 40,000 ரூபாயும் சேர்ந்து போகும். தொழில்நுட்பப் படிப்பு மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி உதவித்தொகைக்கும் முதலாண்டில், அல்லது நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையில் மட்டுமே புதிதாக விண்ணப்பிக்க முடியும். அறிவிப்புப் பலகையில் இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். எது மறுபடி வரும், எது வராது என்று அதில் எழுதியிருப்பதில்லை.

இன்னொரு பழக்கமும் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. கால நீட்டிப்பு. தேசிய இணையதளத்தில் கடைசித் தேதியைத் தள்ளிவைப்பது கிட்டத்தட்ட ஆண்டுதோறும் நடக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் “எப்படியும் நீட்டிப்பாங்க” என்ற பேச்சு விடுதி அறைகளில் பரவிவிட்டால், முதல் தேதியை யாரும் தேதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. நீட்டிப்பு வராத ஆண்டில், வராத திட்டத்தில் மாட்டிக்கொள்பவர்கள் அடுத்த செய்தியை விசாரித்துச் சொல்ல ஆள் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகள். 2021–22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. நாம் பெருமைப்படும் எண் இது. அதன் பொருள், கல்லூரி அலுவலகத்தின் வாசலை முதன்முதலில் மிதிக்கும் குடும்பங்கள் இங்கே மிகுதி என்பதும்தான். அந்தக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் தேதிகளை அமைக்க வேண்டும்.

தேதி தவறுவது பற்றிய விவாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு உத்தரவுகளை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டும் உதவித்தொகை வழக்குகள் அல்ல, சேர்க்கைக் கட்டண வழக்குகள். ஆனாலும் பாடம் நெருக்கமானது. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த, தினக்கூலித் தொழிலாளியின் மகனான தலித் மாணவர் ஒருவருக்கு 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை ஐந்து மணிதான் எல்லை. ஊரில் பணம் திரட்டி முடிப்பதற்குள் கடைசி நிமிடங்கள் வந்துவிட்டன, இணையதளம் மூடிக்கொண்டது. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம், பிறகு அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் என்று அலைந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார். தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசமைப்பின் 142-ஆவது கூறின் கீழ் செப்டம்பர் 30 அன்று அவருக்கு இடம் கொடுக்க உத்தரவிட்டது. 2021 நவம்பரில், பணம் செலுத்தும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் மும்பை ஐ.ஐ.டி. இடத்தை இழந்த ஒரு தலித் மாணவருக்கும் இதே போல இடம் கிடைத்தது.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு, நீதிமன்றம் போனால் கிடைத்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 142-ஆவது கூறு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள தனி அதிகாரம். ஒவ்வொரு மாவட்டத்திலும் கிடைப்பதல்ல. ஐந்து மணிக்கு முந்தைய கடைசி நிமிடங்களில் சிக்கிய ஒரு பையனுக்கு நியாயம் கிடைக்க மூன்று மாதமும் மூன்று நகரங்களும் தேவைப்பட்டன. 3,000 ரூபாய்ப் பராமரிப்புத் தொகைக்காக யார் தில்லிக்குப் போவார்? அந்தத் தீர்ப்புகளிலிருந்து கீழ்மட்ட நிர்வாகம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: தேதி ஏன் தவறியது என்று கேட்கவும், காரணம் நியாயமானால் ஏற்கவும் ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இன்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரோ பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலரோ, பிள்ளையின் கதையைக் கேட்டு மனமிரங்கினாலும், மூடிய இணையதளத்தைத் திறக்க முடியாது.

அரசு தன் தேதிகளை எப்படிக் காக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று ஒப்புதல் தந்தது. செலவில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பிரித்துக்கொள்ளும். மாநிலம் தன் பங்கை மாணவரின் கணக்கில் போட்ட பிறகு, ஒன்றியம் தன் பங்கை நேரே அதே கணக்கில் போடும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஒரு படி தாமதமானால் அடுத்ததும் தாமதமாகும். கல்லூரியின் கட்டணக் கெடு அதற்காகக் காத்திருக்காது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அரசாணை எண் 92 வந்தது. அப்படியிருந்தும் “பணம் வந்ததும் திருப்பித் தருவோம், இப்போ கட்டுங்க” என்று பெற்றோரிடம் கேட்கும் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர் ஒரு நாள் பிந்தினால் ஓராண்டு உதவி போகிறது. அரசின் பணம் மாதக்கணக்கில் பிந்தினால் அரசுக்கு எதுவும் போவதில்லை. அப்போதும் வட்டி கட்டுவது அந்தக் குடும்பம்தான்.

தேதி தவறிவிட்டது என்று ஒரு பிள்ளை இன்று வந்து நின்றால் என்ன சொல்வது? முதலில், உண்மையிலேயே தவறிவிட்டதா என்று பார்க்கச் சொல்லலாம். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பார்த்தால், விண்ணப்பமே போகவில்லையா, கல்லூரியில் நிற்கிறதா, குறை என்று திரும்பி வந்திருக்கிறதா, ஒப்புதலாகிப் பணம் மட்டும் வங்கியில் திரும்பிப் போயிற்றா என்பது தெரியும். நாலும் நாலு வேறு நோய்கள், மருந்தும் வேறு. கல்லூரியில் நின்றால் பொறுப்பு அலுவலருக்கும் முதல்வருக்கும் எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சாகக் கேட்டதற்குப் பின்னால் சாட்சி இருக்காது. பணம் வங்கியில் திரும்பியிருந்தால் ஆதார் இணைப்பைச் சரிசெய்துவிட்டு உரிய துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் ஏற்கெனவே இருப்பதால் இதில்தான் மீட்பு அதிகம் சாத்தியம்.

விண்ணப்பமே போகவில்லை என்றால் கொஞ்சம் கடினம்தான், மறைத்துப் பயனில்லை. அப்போதும் திங்கள்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் சொல்லலாம். ஒரே கல்லூரியில் பலருக்கு இப்படி நடந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து கொடுப்பது நல்லது. ஒருவர் மனு கொடுத்தால் அவருடைய கவனக்குறைவு என்று ஒதுக்க முடியும். முப்பது பேர் கொடுத்தால் கல்லூரியைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்கு வந்தது என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கல்விக் கடனுக்கு இப்படிப்பட்ட விண்ணப்பக் காலம் கிடையாது. 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிட்ட உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் கடன் கடன்தான். உதவித்தொகைக்கு மாற்றாக அதை யாரும் பிள்ளையிடம் நீட்டக் கூடாது.

அரசு செய்ய வேண்டியதில் சில, செலவே இல்லாதவை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடைசித் தேதி வைப்பதற்குப் பதில், ஒவ்வொருவரும் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டு இத்தனை நாள் என்று வைக்கலாம். பொறியியல் கலந்தாய்வின் பின்சுற்றுகளிலும் துணைத்தேர்வு எழுதியும் ஆகஸ்ட், செப்டம்பரில் சேரும் பிள்ளைக்கும், ஜூனிலேயே சேர்ந்துவிட்ட பிள்ளைக்கும் ஒரே தேதி என்பது சமமாகத் தோன்றினாலும் சமமல்ல. கல்லூரி சரிபார்க்காமல் வைத்திருக்கும் விண்ணப்பங்களின் எண்ணிக்கையை வாரந்தோறும் கல்லூரி வாசலிலேயே ஒட்டச் சொல்லலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் பார்த்த அந்த மாணவி எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது, பள்ளி மாணவர்களுக்கான அரசின் எமிஸ் பதிவில் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பது யூமிஸில் இருக்கிறது. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் வழங்கியது அதே அரசின் வருவாய்த்துறை, அதே அரசின் இ-சேவைத் தளம். அவள் யார், எதற்கெல்லாம் தகுதியானவள் என்பது அரசுக்குத் தெரியும். தெரிந்த பிறகும், தனக்கு உரியதை ஒரு தேதிக்குள் வந்து கேட்க வேண்டும் என்றும், கேட்கத் தவறினால் கிடைக்காது என்றும் ஏன் இருக்க வேண்டும்? “உனக்கு இன்னின்ன உதவி உண்டு, வேண்டாம் என்றால் மட்டும் சொல்” என்று அரசே அவளுக்கு எழுதலாம். மாநிலத் திட்டங்களிலாவது அடுத்த ஜூனுக்குள் தமிழ்நாடு இதைத் தொடங்க முடியும். அப்போது தேதிக்குள் வேலையை முடிக்க வேண்டியது அலுவலகமாக இருக்கும்.